விரதத்தில் தேறிய வயிறு

லோரி நிழலில் பாயை விரித்து, மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடக்கிறார் தங்கராஜ். கிள்ளான் துறைமுக யார்டில் மற்ற ஓட்டுநர்கள் அவரைச் சுற்றித்தான் நடக்கிறார்கள். “பிள்ள பெக்கப் போறீங்களாண்ணே?” என்று எவனாவது கேட்டால் கண்ணைத் திறக்காமலே பதில் வரும்: “ஆமா லா. நல்ல பேரா யோசிச்சு வை.”

ஐம்பதைத் தாண்டிய கண்டெய்னர் லோரி ஓட்டுநர். சில வருடங்களாக வயிறு அவரைப் படாதபாடு படுத்தியது. சாப்பிட்ட கையோடு உப்பும், பிசையும், அப்புறம் ஓட்டம்தான். வடக்கு நெடுஞ்சாலையில் எந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது என்பதுவரை அவருக்கு அத்துப்படி. சரக்கு அடிக்கடி தாமதமாகவே, முதலாளி ஈப்போ வழியைப் பிடுங்கிக்கொண்டு யார்டுக்குள் பெட்டி நகர்த்த விட்டுவிட்டார். நெடுஞ்சாலையில் திரிந்த மனிதருக்கு அது வீட்டுச் சிறை.

பிரிக்ஃபீல்ட்ஸில் சத்துப் பொடி விற்கும் ஒருவர் இதற்கு ‘லீக்கி கட்’ என்று பெயர் சொல்லி, பொடி டின்களைத் தங்கராஜ் தலையில் கட்டினார். “கொடல்ல ஓட்டைன்னாரு. பஞ்சர் மாதிரி பேட்ச் போட்டா சரியாயிரும்னு நெனச்சேன்.” காலி டின்களில் அவர் மனைவி பஞ்சவர்ணம் இப்போது கறிவேப்பிலைக் கன்று வளர்க்கிறார். டின்னால் ஆன ஒரே பயன் அதுதான்.

தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பவர் தங்கராஜ். விரத நாட்களில் மட்டும் வயிறு சமர்த்தாக இருந்தது. முருகன் கறியை விடச் சொல்கிறான் என்று தானே முடிவு கட்டி, விரதம் முடிந்தும் கோழி, மீன் எதையும் தொடவில்லை. வயிறு மசியவில்லை. கடைசியில் கிளினிக்கில் டாக்டர் ஃபர்ஹானா ரத்தம், மலம் எல்லாம் சோதித்து, பயப்பட ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டு கேட்டார்: “விரதத்துல கறியத் தவிர வேற என்ன விட்டீங்க அங்கிள்?”

“மாத்திரதான். சாமிகிட்ட வலியோட போறதுதானே மொறை.”

இடுப்பு வலி மாத்திரை. மற்ற நாளெல்லாம் விடிந்ததும் வெறும் வயிற்றில், கடுங்கோப்பியோடு விழுங்கியது.

“லீக்கி கட்ங்கிறது நாங்க ஒத்துக்கிட்ட நோய்ப் பேரு இல்ல அங்கிள். ஆனா இந்த மாத்திரைய இப்படிப் போட்டா கொடலோட உள்தோல் கெட்டுப்போகும். மொதல்ல அத நிறுத்துவோம். இடுப்புக்கு எக்சர்சைஸ் சொல்லித் தரச் சொல்றேன்.”

இடுப்புப் பயிற்சிக்குப் பாய் வந்த கதை இதுதான். கஞ்சியும் தயிருமாகக் கொஞ்ச காலம் ஓட்டி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிறார். “மீன் பாஸாயிருச்சு. கோழி இன்னும் வெயிட்டிங்.” சில நாள் வயிறு பழைய குணத்தைக் காட்டும். திட்டிவிட்டு மறுபடி கஞ்சிக்குப் போவார். யார்டில் கூட வேலை பார்க்கும் எனக்கு அவரிடம் பிடித்ததே அந்தப் பிடிவாதம்தான்.

இன்று முதலாளி வைத்த சோதனை ஓட்டம். நேரத்துக்கு ஈப்போ சேர்ந்தால் பழைய வழி திரும்பக் கிடைக்கும். பக்கத்து சீட்டில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சுங்கை பூலோவைப் பேசிக்கொண்டே தாண்டினார். ராவாங் ஓய்விடத்தின் பலகை தெரிந்தது. வழக்கமாகக் கழிப்பறைக்கு ஓடி இறங்கும் இடம். கை தன்பாட்டில் சிக்னலுக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு அந்தக் கையை எடுத்து, ஓய்விடத்துக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, கியரை மாற்றினார்.