அனுபவம் இல்லை என்று நான் எழுதிய பெண்

பெண்களைத் தொழில்முனைவோராக்கும் திட்டம் ஒன்றில் எனக்குக் கள ஒருங்கிணைப்பாளர் வேலை. பெயர்தான் பெரிது. பள்ளிகொண்டாவில் பஸ் பிடித்து ஆம்பூருக்குப் போய், தெருத் தெருவாக விண்ணப்பம் எழுதுவதுதான் நான் செய்தது. ஒரு வீட்டில் பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படிப் போன ஒரு வீட்டில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது. ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பெனியிலிருந்து வந்த மூட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து, தைத்து முடித்த ஜோடிகளை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார்.

"வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், வீட்லதான் இருக்கேன்."

எங்கள் பக்கம் வேலை என்றால் காலையில் கம்பெனி வண்டி ஏறிப் போவது. வீட்டில் தைப்பதைத் தைக்கிறவர்களே வேலை என்று சொல்வதில்லை. இது எனக்குத் தெரியாததா? இருந்தும், தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி, தோல் வேலையில் அனுபவம் என்ற இடத்தில் இல்லை என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். கண்ணெதிரே தைத்தவருக்கு அனுபவம் இல்லை என்று எழுதிய மகாராணி நான்தான்.

நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற, அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் பயிற்சியும் தையல் மிஷினும். பட்டியல் ஒட்டிய அன்று அவர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"என் பேரு இல்லையே மேடம், இன்னா ஆச்சு? பதினெட்டு வருஷமா தைக்கிறேன். சொந்தமா நாலு பேர வெச்சி நடத்தலாம்னு இருந்தேன். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்."

விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். அனுபவம் இல்லை என்று என் கையெழுத்திலேயே இருந்தது. திருத்தம் கேட்க இரண்டு நாள் இருந்தது. ஆனால் தவறு என்னுடையது என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டும். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற மாதம் அது.

"கம்ப்யூட்டர்லதான் செலக்ட் ஆவுது. நம்ம கையில ஒண்ணுமில்லைங்க" என்றேன்.

"சரி மேடம். நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாளும் போயின. நான் எழுதவில்லை.

மறுவருடம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளும் அம்மாவோடு தைக்கிறவள்தான்.

"இவளுக்கு நீங்களே எழுதுங்க மேடம். வேற யாராவது எழுதுனா தப்பாயிடும்."

ஒவ்வொன்றாகக் கேட்டு நிதானமாக எழுதினேன். அரை மணி நேரம் ஆயிற்று. அவர் பக்கத்திலேயே நின்று திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.