தெருவிளக்குக்குத் தொப்பி வைத்த துரு டாக்டர்

வாசலில் ‘டாக்டர்’ என்று பலகை தொங்கினால் நோயாளிகள் வராமல் இருப்பார்களா? முழங்கால் வலிக்காரர்களும் திறக்காத பூட்டோடு வந்தவர்களும் அந்த வீட்டு வாசலில் ஒரே வரிசையில் நின்றார்கள். துரு டாக்டர் பூட்டைக் குணப்படுத்தி அனுப்புவாள். முழங்காலைப் பார்த்து, “இது என் இலாகா இல்லைங்க” என்பாள்.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்வதுதான் அவளுடைய பிழைப்பாக இருந்தது. பாலம், தண்ணீர்த் தொட்டி, கப்பலின் அடிவயிறு என்று எங்கே இரும்பு இற்றுப்போனாலும் அவளைக் கூப்பிட்டார்கள். வேலைக்காலம் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. ஓய்வு பெற்ற அன்று, என்ன பரிசு வேண்டும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேட்டார்கள். “நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது கொடுங்க” என்றாள். தொலைநோக்கி வந்தது.

அவள் பார்க்க ஆசைப்பட்டது நிலாவையோ சனியையோ அல்ல. நமக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கிற இன்னொரு விண்மீன் மண்டலத்தை. தொலைநோக்கியிலும் பஞ்சுத் துணுக்கு போலத்தான் மங்கலாகத் தெரியுமாம். அந்த வெளிச்சம் இருபத்தைந்து லட்சம் வருஷங்களுக்கு முன்னால் கிளம்பியது. மனுஷ ஜாதி தலையெடுப்பதற்கு முன்பே புறப்பட்டு, எங்கேயும் உட்கார்ந்து இளைப்பாறாமல் அவள் மொட்டை மாடியைத் தேடி வந்துகொண்டிருந்தது.

வந்து சேருகிற நேரம் பார்த்து நகரசபை புதுவிளக்குப் போட்டது.

தேர்தலில் ‘இருட்டை ஒழிப்பேன்’ என்று சொல்லி ஜெயித்த தலைவர், சோதனைக்காக அவள் தெருவில்தான் முதலில் நட்டார். வெள்ளை வெளேரென்று நாலாபக்கமும் சிதறுகிற விளக்குகள். சேவல் குழம்பிப்போய், ஊரே ராச்சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரத்தில் கூவியது. எதிர்வீட்டு ரோஜாச்செடி தூக்கமில்லாமல் இளைத்தே போனது. மாடியிலிருந்து பார்த்தால் வானம் கழுவிவிட்ட பாத்திரம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்த விருந்தாளியைக் கடைசி எட்டில் வாசலோடு விரட்டிவிட்டார்களே என்று அவளுக்கு வயிறெரிந்தது. ஊர் முழுக்க அதே விளக்கைப் போடுவதா என்று சபை ஓட்டெடுக்கப் போவதாக வேறு சேதி வந்தது.

சபைக்குப் போனாள். வெளிச்சம் மேலே போகாமல் விளக்குக்கு மூடி போட்டால் போதும் என்று விளக்கினாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“டாக்டரம்மா, மூடி போட்டா திருட்டு அதிகமாகாதுன்னு உங்களால அடிச்சுச் சொல்ல முடியுமா?”

“அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. அநேகமா ஆகாது.”

அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் அந்த ‘அநேகமா’வுக்கு இருந்த மரியாதை என்ன, இங்கே கிளம்பிய சிரிப்பென்ன.

“அவங்களுக்கே நிச்சயமில்லையாம்” என்றார் விளக்குப் பொறியாளர்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் பிடித்துக்கொண்டார். தையல்கடை வைத்திருந்து ஓய்ந்தவர். அவர் அளவுக்கே இரண்டு ஆள் துணி வேண்டும்.

“முடியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“சபையில அதுக்குப் பேரு தைரியம்.”

சந்தேகத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவரை நம்புவதுதான் அவள் பழகிய உலகம். இந்த உலகத்தில் சந்தேகப்படுகிறவருக்கு நாற்காலிகூடக் கிடைக்காது போலிருக்கிறது. ஆனால் அந்த உலகத்திலும் எல்லாம் காகிதத்திலேயே நடந்துவிட்டதா என்ன? ஒரு பாலம் ஆபத்தாக இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியும் மேலதிகாரிகள் அசையவில்லை. ஒருநாள் அந்தப் பாலத்துப் போல்ட் ஒன்றைக் கொண்டுபோய் அவர்கள் மேஜையில் வைத்து விரலால் தட்டினாள். பொலபொலவென்று உதிர்ந்தது. அன்றைக்கே பாலத்தை மூடினார்கள்.

காதால் கேட்டு மாறாதவர்கள் கண்ணால் பார்த்து மாறுகிறார்கள். அப்படியானால் பார்க்க வைக்க வேண்டியதுதான். டாக்டர் எழுந்துபோய் எண்ணெய் டின்னையும் தகரக் கத்தரியையும் எடுத்தாள்.

ஓட்டெடுப்புக்கு முந்தின நாள், இருட்டு கட்டியதும் சபை மொத்தமும் அவள் அழைப்பை ஏற்றுத் தெருவுக்கு வந்தது. வேடிக்கை பார்க்கத் தெருவும் கூடியது. அவள் தன் வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

“கம்பத்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டு கேட். அங்க யாராவது இருக்காங்களா, பார்த்துச் சொல்லுங்க.”

பொறியாளர் நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார். “துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு. ஈ காக்கா இல்லை.”

“தலைவர் என்ன சொல்றீங்க?”

“யாரும் இல்லைம்மா. இதுக்குத்தானே விளக்குப் போட்டோம்.”

கேட்டுப் பக்கமிருந்து குரல் வந்தது. “ஈயும் இல்லை, காக்காவும் இல்லை. நான்தான் நிக்கிறேன். கால் வேற வலிக்குது.”

தெரு கொல்லென்று சிரித்தது. கண்கூசும் வெளிச்சத்துக்குப் பின்னால், கேட்டுத் தூண் நிழலில், டாக்டரின் புருஷன் அவ்வளவு பெரிய உடம்போடு வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு நின்றது யார் கண்ணுக்கும் படவில்லை.

“இவரையே காணோம்னா, ஒல்லியான திருடன் எப்படிங்க தெரிவான்?” என்றாள் டாக்டர்.

சபையின் கம்பம் ஏறுகிற ஊழியர் அவள் வெட்டிக் கொடுத்த தகரத் தொப்பியை விளக்கில் மாட்டினார். கூச்சம் அடங்கி வெளிச்சம் தரையில் விழுந்தது. தூணும் தெரிந்தது, புருஷனும் தெரிந்தார், அவர் சட்டையில் ஒட்டியிருந்த கடலைத்தோலும் தெரிந்தது.

தலைவர் கெட்டிக்காரர். ஒரு விநாடிதான் யோசித்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, “இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கிட்டிருக்கேன்” என்றார்.

மறுநாள் ஒரு கைகூட எதிர்த்துத் தூக்கப்படாமல் தீர்மானம் நிறைவேறியது. ஊர் முழுக்கத் தொப்பி விளக்கு. பெயர், ‘தலைவர் விளக்கு’.

“உன் பேரைக் காணோமே” என்று புருஷன் பொருமினார்.

“இருக்கட்டும். அவர் பேரு இருக்கிற வரைக்கும் அந்த விளக்கை யாரையும் தொட விடமாட்டார். என் பேரா இருந்தா அடுத்த மாசமே கழட்டிடுவாங்க.”

“அரசியல் பழகிட்டே.”

“துருவோட இத்தனை வருஷம் பழகினவளுக்கு இது கஷ்டமா?”

தெருவிளக்குகள் எல்லாம் தொப்பி போட்டுக்கொண்ட பிறகு, நிலா இல்லாத ஒரு நாளில், இருட்டியதும் மாடி ஏறினாள். வானம் கருத்திருந்தது; அதில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. குழாயைத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேடினாள். அதோ, யாரோ ஊதிவிட்ட மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. கோடானுகோடிச் சூரியன்கள். இருபத்தைந்து லட்சம் வருஷப் பயணம் அவள் கண்ணுக்குள் வந்து முடிந்தது. பெரிய விஞ்ஞானி என்று பெயரெடுத்தவள், பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் போல ஒற்றைக் காலில் நின்று குதித்தாள்.

விஷயம் பரவி, படிக்கட்டு வரைக்கும் தெரு ஏறி நின்றது. எல்லோருக்கும் முன்னால் தலைவர்.

“டாக்டரம்மா, எனக்கும் கொஞ்சம் காட்டுங்களேன்.”

தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்.

“வரிசையில இருங்க. நான் இன்னும் பார்த்து முடிக்கலை.”