என் பெயரில் ஒரு பியர்க் கூடாரம்

எங்கள் பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் பல வருடங்களாக என்னுடன் வானிலையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. குப்பை வாளியை வெளியே வைக்கும்போது "இன்றைக்குக் குளிர்" என்பார். "ஓம், குளிர்தான்" என்பேன். அத்துடன் கதவைச் சாத்திக்கொள்வோம். ஆனால் எங்கள் நகர அணிக்கு உதைபந்தாட்டப் போட்டி இருக்கும் நாளில், கழுத்தில் அணியின் சால்வையைச் சுற்றி இரண்டு கிளாஸ் பியரும் குடித்துவிட்டால், அதே மனிதர் என் தோளில் கையைப் போட்டு, மனைவி தன்னை விட்டுப் போன கதையைக் கண் கலங்கச் சொல்வார். திங்கட்கிழமை மறுபடியும் குளிரைப் பற்றித்தான் பேச்சு. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். இங்கே இருக்கிறவர்கள் சிரிப்பீர்கள். அவருக்கு அந்தப் பியரை விற்கிறவள் நான்தான். மட்டக்களப்பில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளில் ஒரு மிடறும் குடிக்காத நான், டென்மார்க்கின் யூலாண்டுப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் மது விற்க முறைப்படி அனுமதி பெற்ற ஆள்.

வந்த புதிதில் நகரச் சதுக்கத்தில் இருந்த உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு குசினியில் சமையல், அதற்குப் பிறகு கல்லாப்பெட்டி. முதலாளி லாஸ் வயதானவர், முழங்கால் நோக்காடு. இந்த நாட்டுச் சட்டப்படி மது விற்கும் இடத்தில், விற்கிற நேரம் முழுக்க, ஒப்புதல் பெற்ற பொறுப்பாளர் ஒருவர் நிற்க வேண்டும். பெஸ்டூரர் என்பார்கள். அவர் வெளியே போனால் பியர்க் குழாயைப் பூட்டிவிட வேண்டும். லாஸ் என்னைப் பெஸ்டூரராக்க விண்ணப்பித்தார். விசாரித்த நகரசபை அதிகாரி நல்ல மனிதர். "நீங்கள் குடிப்பதில்லையே, ஒருவருக்குப் போதும் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டார். "சொன்ன கதையையே திரும்பச் சொல்லத் தொடங்கினால் போதும்" என்றேன். "குழப்பம் செய்தால்?" வீட்டுக்குப் போகச் சொல்வேன் என்றேன். "போகாவிட்டால்?" நான் போய்ப் பொலிசைக் கூட்டி வருவேன் என்று சொல்ல நினைத்தேன். பாதி டேனிஷ்தான் வந்தது. "அப்படியென்றால் நான் போய்விடுவேன்" என்று சொல்லிவிட்டேன். பகிடி என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். அனுமதி கிடைத்தது.

அனுமதி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு என் அண்ணன் சாமுவேலின் நினைவுதான் வரும். சாமண்ணன் எங்கள் பள்ளி அணியின் கோல் காப்பாளர். அந்த நாட்களில் மட்டக்களப்பில் ஒரு போட்டி வைப்பதென்றாலும் இராணுவ முகாமில் அனுமதி எடுக்க வேண்டும். ஒருமுறை அவர்தான் கேட்கப் போனார். எதற்காக இத்தனை பேர் கூடுகிறீர்கள் என்று கேட்டு, வெயிலில் இருத்தி, பொழுதுபடத்தான் விட்டார்கள். போட்டி வைக்கலாம், ஆனால் முகாமுக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது. மைதானத்தைச் சுற்றி இருந்த அத்தனை சனமும் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் போட்டியைப் பார்த்தது. கோல் விழுந்தபோது பக்கத்தில் இருந்த பெண் என் கையை நகம் பதிய இறுக்கியது மட்டும் நினைவிருக்கிறது. இங்கே லாஸுக்கு வரும் அனுமதிகளில், கிளாஸ் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும், பாட்டு எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார்கள். கத்துவதற்குத் தடை இல்லை. கத்துவதற்காகத்தானே கூடாரமே போடுகிறோம்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் சாமண்ணன் கிளிநொச்சியில் கலியாணம் செய்து, அங்கேயே படிப்பித்தார். மலர் அண்ணி, ஒரு மகள். போர் நெருக்க நெருக்க அவர்களும் சனத்தோடு சனமாகக் கடற்கரை வரைக்கும் ஒதுங்கிப் போனார்கள். போர் முடிந்த அந்த வருடம், பங்குனியில், யாருடையதோ தொலைபேசியில் கடைசியாகக் கதைத்தார். "மணல் தரை, தங்கச்சி. பங்கர் வெட்டினா தண்ணி ஊறுது. பிள்ளைய தண்ணிக்குள்ள இருத்தி வச்சிருக்கம்" என்றார். தொடர்பு அறுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அதே வருடம் மே மாதத்தில் எங்கள் நகர அணிக்குப் பருவத்தின் கடைசிப் போட்டி வந்தது. வென்றால் மேல் பிரிவுக்குப் போகும். சதுக்கத்தில் கூடாரம், பெரிய திரை, பியர், இடைவேளையில் ஒரு பாட்டுக் குழு என்று எல்லாவற்றுக்கும் லாஸ் குளிர்காலத்திலேயே அனுமதி எடுத்திருந்தார். உணவகத்துக்கு அவர் பொறுப்பு, கூடாரத்துக்கு நான். கூடாரத்து அனுமதித் தாளில் என் பெயர்தான் இருந்தது.

போட்டி நடந்த அந்த ஞாயிறுக்கு முந்திய நாட்களில் போர்ச் செய்திகள் மோசமாகிக்கொண்டே போயின. பக்கத்து நகரங்களான ஹோர்சன்ஸிலும் பிராண்டேயிலும் எங்கள் நகரத்திலும் இருந்த தமிழர்கள் ஞாயிற்றுக்கிழமை சதுக்கத்தில் மெழுகுதிரி ஏற்றி நிற்போம் என்று முடிவெடுத்தார்கள். அனுமதி கேட்கப் போனவர் என் கணவர் ஜெயம். எனக்கு அனுமதி தந்த அதே அதிகாரிதான் அங்கே இருந்தார். இறந்தவர்களை நினைவுகூரப் போகிறோம் என்று இவர் சொல்ல, "இறந்தது எத்தனை பேர்?" என்று கேட்டாராம். தெரியாது என்றிருக்கிறார். "வருபவர்கள் எத்தனை பேர்?" அதுவும் தெரியாது. சதுக்கம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, வருந்துகிறேன், நூலகப் படிக்கட்டில் நிற்கலாம், ஒலிபெருக்கி வேண்டாம் என்றாராம்.

நான் லாஸிடம் போய், ஞாயிறு மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்றேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், அலுவலகங்கள் பூட்டியாயிற்று. வேறு பெயர் போட வழியில்லை. நான் இல்லாவிட்டால் கூடாரத்தையே மூட வேண்டும். லாஸ் நாற்காலியை இழுத்து என் முன்னால் இருந்தார்.

"உன் அண்ணன் இறந்துவிட்டாரா ரூத்?"

"தெரியாது."

"அப்படியென்றால் நம்பிக்கை வை" என்று கையைத் தட்டிக் கொடுத்தார். அன்பாகத்தான் சொன்னார்.

ஞாயிறு நல்ல வெயில். கூடாரம் நிறைந்து வழிந்தது. நேர் எதிரே, சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், நூலகப் படிக்கட்டில் எங்கள் சனம் கறுப்பு உடுப்போடு வந்து நின்றது. ஜெயம் நின்றார். மகள் சாரா நின்றாள். வெயிலில் மெழுகுதிரி எரிகிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒரு ரசிகர் என்னிடம், "அது என்ன, தேவாலயப் பாடகர் குழுவா?" என்று கேட்டார். எங்கள் ஆட்கள் என்றேன். "நன்றாகப் பாடுவார்களா?" என்றார். அடுத்தவர் பியருக்குக் கை நீட்டினார். ஊற்றினேன்.

இடைவேளைக்குச் சற்று முன்னால் சாரா சதுக்கத்தைக் கடந்து ஓடி வந்தாள். கையில் தகப்பனின் தொலைபேசி. "அம்மா, மட்டக்களப்பு" என்று டேனிஷில் சொல்லித் தந்தாள். மறுமுனையில் எங்கள் மாமி, அம்மாவின் தம்பியுடைய மனைவி.

"ரூத், மலர் அகதிக் காம்புக்கு வந்திட்டாவாம். சின்னவளும் வந்திட்டாளாம்."

"சாமண்ணன் மாமி?"

அந்த நேரம் பார்த்துக் கோல் விழுந்தது. கூடாரம் முழுக்க எழும்பிக் கத்தியது. பியர் மழை போலத் தெறித்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கேக்கல்ல மாமி, சத்தமாச் சொல்லுங்க" என்று நானும் கத்தினேன்.

"அங்க என்ன புள்ள சத்தம்? அங்கயும் சண்டையா?"

"இல்ல மாமி. பந்து விளையாட்டு."

மாமி குரலைக் கூட்டிச் சொன்னா. "சாமு இல்ல மகள். களப்புத் தண்ணியக் கடக்கக்குள்ள ஷெல் விழுந்ததாம். தூக்க ஏலாமப் போச்சாம். அங்கயே விட்டுட்டு வந்திட்டாளாம்."

இடைவேளை விசில் ஊதியது. பாட்டுக் குழு தொடங்கியது. நான் மேடைக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று தெரியாது, அந்தப் பாட்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பாடகன் குனிந்து, "சத்தம் அதிகமா?" என்றான். "இறந்துவிட்டார். என் அண்ணன் இறந்துவிட்டார்" என்றேன். மேளச் சத்தத்தில் அவனுக்கு இறந்துவிட்டார் என்பது மட்டும்தான் கேட்டது. அணியின் உடுப்புகளைத் தோய்த்துக் கொடுத்து வந்த கிழவர் ஒருவர் அந்த வாரம் காலமாகியிருந்தார். பாடகன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒலிவாங்கியைப் பிடித்து, "நண்பர்களே, மறந்துவிட்டோமே. எழும்பி நில்லுங்கள், அவருக்காக ஒரு நிமிடம்" என்றான்.

எல்லோரும் எழும்பினார்கள். தொப்பிகளைக் கழற்றினார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் சால்வையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர்களுக்கு நடுவில், பியரில் நனைந்த ஏப்ரனோடு, சாராவின் கையைப் பிடித்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. எதிர்ப்பக்கம் எங்கள் சனம் ஒவ்வொருவராகத் திரும்பி எங்களைப் பார்த்தது தெரிந்தது. நிமிடம் முடிந்ததும் குழாயடியில் நின்ற பெண், "ரூத், திறக்கலாமா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? சாரா மட்டும் படிக்கட்டுக்குத் திரும்பிப் போனாள். மாலை வரை ஊற்றினேன். எங்கள் அணி வென்றது.

மறுநாள் லாஸ் பூங்கொத்தோடு வந்து, அடக்கம் எப்போது, விடுமுறை எடுத்துக்கொள் என்றார். உடல் இல்லாத அடக்கத்தை அவருக்கு என்னால் டேனிஷில் விளக்க முடியவில்லை. மலர் அண்ணி பல மாதம் முகாமில் இருந்துவிட்டு மகளோடு மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தா. எந்த இடத்தில் விட்டீர்கள் என்று நான் கேட்டதில்லை. அவவும் சொன்னதில்லை.

அந்த ஒரு நிமிடம் எங்கள் சனத்திடம் வேறு கதையாகிவிட்டது. டேனிஷ்காரர் எல்லாம் குடியையும் பாட்டையும் நிறுத்தி, எங்கள் சாவுக்காக எழும்பி நின்றார்கள் என்று போதகர் பிரசங்கத்தில் சொன்னார். சபையே அழுதது. வீட்டுக்கு வந்து ஜெயத்திடம் நடந்ததைச் சொன்னேன். "ஆரிட்டயும் சொல்லாத ரூத். சனத்துக்கு அதாவது இருக்கட்டும்" என்றார். இத்தனை காலத்துக்குப் பிறகு, எழுதட்டுமா என்று கேட்டபோது, எழுது என்றார்.

அந்த ஞாயிறு மாலை ஆறரைக்கும் வெயில் போகவில்லை. கூடாரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சதுக்கம் முழுக்க நசுங்கிய பிளாஸ்டிக் கிளாஸ்கள். அந்தப் பக்கம் படிக்கட்டில் உருகிக் காய்ந்த மெழுகு. அனுமதி எடுத்தவர்கள்தான் தங்கள் இடத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நகரசபையின் கூட்டும் வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்து, "இதில் உங்களுடையது எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்ற நான் கூடாரப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கையசைத்துவிட்டு வண்டியைத் திருப்பினார். அவருக்கு அப்பால், முதுகை எனக்குக் காட்டியபடி, ஜெயமும் சாராவும் முழங்காலில் இருந்து, ஒரு கத்தியால் படிக்கட்டு மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.