குவாரிக்காரர் தந்த டிரம்

பெருமுக்கல் பக்கத்துக் கல்குவாரியில் கழிவுகளை அப்புறப்படுத்தும் பொறுப்பு அவருக்கு. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, எதையும் விரலால் தட்டிப் பார்க்கும் பழக்கம். ரசாயனம் வந்த காலி டிரம்களை முறைப்படி அழிக்கச் செலவாகும் அல்லவா? அதனால் தண்ணீர் பிடித்துவைக்க எங்கள் தெருவுக்குத் தானமாகக் கொண்டுவந்தார். எண்ணினேன், முப்பத்திரண்டு. ஆறில் மண்டையோட்டுப் படம்கூட அழியவில்லை.

"குடிக்கிற தண்ணிக்கா இது?" என்றேன்.

"சோப்பு போட்டு மூணு வாட்டி கழுவிக்கினுதான் வந்தோம் சார். சும்மா பேஜாரு பண்ணாதீங்க."

இடுப்பில் குழந்தையோடு நின்ற எதிர்வீட்டுப் பெண், "ஏன் தாத்தா, ஒங்க வூட்டு மாடியில டேங்க் இருக்குது. நாங்க எதுல புடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு ஒன்றை உருட்டிச் சென்றாள்.

"உங்க வீட்டுக்கு இதைக் கொண்டுபோவீங்களா?" என்று அவரை மடக்கினேன்.

வேனைத் திறந்து காட்டினார். இருப்பதிலேயே நல்ல டிரம் ஒன்று, கோணி சுற்றி இருந்தது.

"விழுப்புரத்துல பொண்ணு முழுகாம இருக்குது சார். அதுக்குத்தான் எடுத்துக்கினு போறேன்."

அயோக்கியர் என்று நினைத்துச் சண்டைக்குப் போனவன், அதை மகளுக்குக் கொண்டுபோக வேண்டாமென்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"ஒங்களுக்கும் ஆசைன்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன சார்?" என்று சிரித்தவர், மகளுக்கென்று வைத்திருந்ததையே என் வாசலில் இறக்கிவைத்துவிட்டுப் போனார். இவ்வளவு நல்லவரை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.