மூன்றாம் அறையின் விதவை

பிளாட் புஷ் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வநாயகி ஆன்ட்டிக்கு நகரத்து ஓவியக்கூடத்தில் காவல் வேலை. மூன்றாம் அறையில் நானூறு வருடத்துக்கு முந்தைய டச்சுக்காரர்களின் முகங்கள், எல்லாம் கரியில் வரைந்தவை. தொடக்கூடாது, ஓடக்கூடாது, சத்தம் கூடாது. என்னை மாதிரி ஆட்களை மனதில் வைத்தே உண்டாக்கிய வேலை.

அங்கே ஒரு பெண்மேல் ஆன்ட்டிக்குத் தனிப் பாசம். கறுப்பு உடுப்பு, வெள்ளைத் தலைத்துணி, காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை.

"பாவம் மனுசி. என்னை மாதிரித்தான், புருசன் இல்லை" என்பார். மூன்று வருடமாகத் தினமும் அவளுக்குக் குட் மார்னிங் வேறு.

ஆனந்தராசா அங்கிள் இறந்த பிறகு ஆன்ட்டி பொட்டையும் நகையையும் விட்டுவிட்டார். சனிக்கிழமை மகள் ராகவிக்குக் கல்யாணம். மேடை ஏற மாட்டேன், படத்தில் நிற்க மாட்டேன் என்று ஆன்ட்டி ஒரே பிடிவாதம். ராகவி தமிழில் அழுது, இங்கிலீஷில் கத்தி, ஓய்ந்துவிட்டாள்.

புதன்கிழமை நான் ஓவியக்கூடத்துக்குப் போய், அந்தப் பெண்ணின் படம் போட்ட அஞ்சலட்டையை வாங்கி, நெற்றியில் சிவப்புப் பேனாவால் பெரிய பொட்டு வைத்து ஆன்ட்டியிடம் நீட்டினேன்.

"உனக்கு அறிவிருக்கா? தாலியறுத்தவளுக்குப் பொட்டு வைப்பினமோ?"

"ஆன்ட்டி, படத்துக்குப் பக்கத்துல இருக்கிற குறிப்ப ஒருநாளாவது படிச்சீங்களா?"

"நான் ஆக்களைப் பாக்கிறன். குறிப்பை ஏன் பாக்க?"

வகுப்பில் வாசிக்கச் சொன்னால் வயிற்றுவலி வருகிற நான் வாசித்துக் காட்டினேன். அவள் பெரிய துணி வியாபாரியின் மனைவி. நகை ஆகாது என்றது அவர்களுடைய கிறிஸ்தவ சபை. ஆனால் அந்தக் கறுப்புத் துணி இருக்கிறதே, ஊரிலேயே விலை கூடியது. பக்கத்துச் சுவரில் இருக்கும் தாடிக்காரர்தான் புருசன். இருவரும் உயிரோடு இருந்தபோது சேர்த்து வரைந்த ஜோடி.

ஆன்ட்டி மூன்று வருடமும் அவருக்கு முதுகைக் காட்டித்தான் நாற்காலி போட்டிருந்தார்.

"அடி கள்ளி" என்றார் அவளைப் பார்த்து. பிறகு சிரித்தார் பாருங்கள், வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. படம் பார்க்க வந்த கிழவர் காவலாளியையே 'உஷ்' என்று அதட்டினார்.

"வெறுங்கழுத்தெண்டா விதவை எண்டு நான்தானே முடிவு கட்டினனான்."

"ஆமா. உங்களுக்கும் ஒரு குறிப்பு எழுதித் தரவா?"

"என்னெண்டு?"

"பொண்ணோட அம்மான்னு."

ஆன்ட்டி சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை, மவுண்ட் வெல்லிங்டன் மண்டபத்தில் தாலி ஏறியதும் ஆன்ட்டி வெறுங்கழுத்தோடு மேடையேறினார். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் முணுமுணுப்பு. படமெடுக்கும் வசீகரன், "அன்ரி, கொஞ்சம் கரையில நில்லுங்கோ" என்றார்.

"ஏன் தம்பி? பெத்தனான் நான். நடுவில நிக்கிறன்."

ராகவிக்குக் கண்மை வழிந்தது. துடைத்துவிட்டு வரச் சொன்னார் வசீகரன். ஆன்ட்டி இம்மியும் நகராமல், தன் புதுச் சேலைத் தலைப்பாலேயே மகளின் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"இப்ப எடும்" என்றார்.