மனம் வராத தவக்காலம்

வேலை முடிந்து ஈஸ்டர் பூசைக்குக் கிளம்பிய ஆஸ்பத்திரி ஆயாவை, எட்டாம் படுக்கையின் நாற்றம் நிறுத்தியது. மாற்று ஆள் இன்னும் வரவில்லை. அங்கே இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடந்தவன் அவளுடைய கொழுந்தன். புருஷன் செத்த மறுமாதமே அவளைக் கைக்குழந்தையோடு வீட்டைவிட்டுத் துரத்தியவன். இப்போது அவன் பெற்ற பிள்ளைகளே எட்டிப் பார்ப்பதில்லை.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் முழுக்க, அவனை மன்னிக்கும் மனதைத் தா என்று மன்றாடிப் பார்த்தாள். வரவில்லை. ஆனாலும் வெந்நீரும் துணியும் எடுத்து வந்தாள்.

"பழிதீர்க்க வந்தியா அண்ணி?"

"அதுக்குப் பூசைக்குப் போயிருந்தாலே போதும். வாய மூடிக்கிட்டுத் திரும்புப்பா, தண்ணி ஆறுது."

முதுகுப் புண்ணில் எலும்பு தெரிந்தது. கோயில் மணி அடித்தபோது அவள் சீழைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபம் அப்படியே இருந்தது. கை மட்டும் பதமாகப் போனது.

இன்றும் அவள் அதே வார்டில்தான் இருக்கிறாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்கிறாள்.