புற்றுமண் பொட்டலம்

மகள் பிரசவத்துக்காக நானும் மனைவியும் முதன்முதலாக விமானத்தில் போனோம். வாசலில் காவலர் ஒருவர் ஆதார் அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "வாயில்லையா? பேரச் சொல்லு" என்று அதட்டினார். என் பேரோடு அப்பா பேர், ஊர்ப் பேர் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

உள்ளே சோதனையில் எங்கள் பையை நிறுத்தினார்கள். மகள் நெற்றியில் இட, சங்கரன்கோவில் புற்றுமண்ணை முந்தின நாள் நான்தான் கோயிலில் வாங்கி, காகிதத்தில் மடித்து அந்தப் பையில் வைத்திருந்தேன்.

"என்னய்யா பொடி இது? யாரு வச்சது?"

பெண்கள் வரிசையிலிருந்து வந்த மனைவியைக் காட்டி, "இவதான் சார்" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா சார், நான்தான் வச்சேன். கோயில் மண்ணு. பிள்ளத்தாச்சிக்குப் பூசணும்."

"மண்ணத் தூக்கிட்டு ஏரோப்ளேன்ல வாரீங்களாக்கும்?"

எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்துக் கேட்டார்கள். கழற்றிய பெல்ட்டை மாட்டுவதுபோல் நான் குனிந்தே இருந்தேன். கடைசியில் பொட்டலத்தைத் திருப்பித் தந்தார்கள்.

இருக்கையில் உட்கார்ந்ததும், "அங்க ஒரு பெல்ட்டு மாட்ட அம்புட்டு நேரமா?" என்று மட்டும் கேட்டாள்.

போய்ச் சேர்ந்ததும் மகள், "புற்றுமண்ணெல்லாம் ஞாபகமா கொண்டாந்தது யாரும்மா?" என்றாள்.

"ஒங்கப்பாதான், அலைஞ்சு போய் வாங்கிட்டு வந்தாவ."

ஆதார் அட்டையைப் பத்திரமாக வைக்கப் போவதுபோல் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.